ஜெப அறை கேசட்டுகள்

ஜனவரி 6, செவ்வாய்

மேஸ்திரி வந்து அளந்துவிட்டுப் போனார். அப்பாவின் ஜெப அறையை அம்மாவுக்குக் குளியலறையாக மாற்றுவது என்று முடிவாகிவிட்டது. அம்மாவுக்கு முட்டி மடங்கவில்லை. பின்பக்கத்து டாய்லெட் வரை போய்த் திரும்புவதற்குள் மூச்சு வாங்குகிறது. அவள் படுக்கும் அறையை ஒட்டி இருப்பது அந்த ஒரு அறைதான்.

சென்னையிலிருந்து தம்பி சீலாஸ் போனில் குதித்தான். "அக்கா, அது அப்பா முழங்கால் போட்ட இடம்க்கா. அதுல போய் டாய்லெட்டா?"

"உன் முழங்காலைக் கழட்டிக் கொண்டு வந்து அம்மாவுக்கு மாட்டு. அப்புறம் பேசு" என்றேன். போனை வைத்துவிட்டான்.

சாயங்காலம் பாஸ்டர் திமோத்தேயு ஐயா பேசினார். அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்து வருகிற பிப்ரவரி பதினான்காம் தேதியோடு ஒரு வருஷம். அன்றைக்கு ஸ்தோத்திரக் கூட்டம். மூத்த மகள் என்ற முறையில் அப்பாவின் வாழ்க்கையைப் பற்றி நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். அதற்கென்ன, தாராளமாகச் சொல்லுகிறேன். ஞானாபரணம் பிரதர் என்றால் பொன்மலையில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கட்டும். ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆபீசிலிருந்து ஒரு பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டு வராத மனுஷன். ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

ஜனவரி 8, வியாழன்

ஃபார்மசியில் சீக்கிரம் சொல்லிக்கொண்டு வந்து ஜெப அறையைக் காலி செய்ய ஆரம்பித்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. முழங்காலுக்குப் போடும் தலையணை, வேதாகமம், தைலப் புட்டி, டேப் ரெக்கார்டர், ஹெட்ஃபோன், ஒரு மரப்பெட்டி நிறைய கேசட். எல்லாம் வேதபாடம். ஆதியாகமம், ரோமர், எபிரெயர் என்று அப்பாவின் அச்சடித்த மாதிரிக் கையெழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். தினமும் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அப்பா கேட்கும் வேதபாடம். அந்த நேரம் வீட்டில் நாங்கள் மிக்சிகூடப் போட மாட்டோம்.

சாட்சியில் சொல்ல ஏதாவது கிடைக்குமென்று 'எபிரெயர் நிருபம், மூன்றாம் பாகம்' கேசட்டைப் போட்டேன். பிரசங்கம் வரவில்லை. இசை வந்தது.

முதலில் வீணை என்று நினைத்தேன். வீணை இல்லை. யாரோ வாயைத் திறக்காமல் பாடுவது மாதிரி இருக்கிறது. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் படி ஏறிப் போகவில்லை. வழுக்கிக்கொண்டு போகிறது. நடுங்குகிறது, நிற்கிறது, மறுபடி வழுக்குகிறது. மெட்டு பழைய சினிமாப் பாட்டு மாதிரித்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் சினிமாப் பாட்டே கிடையாது, அதனால் எந்தப் பாட்டென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கேசட் மாறிப்போயிருக்கும். நாளைக்கு வேறொன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 9, வெள்ளி

மாறிப்போகவில்லை. எபிரெயர் மொத்தமும் அந்த இசைதான்.

ஜனவரி 11, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டு, ஜெப அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அம்மா எதற்கென்று கேட்கவில்லை. வெளியே வரும்போது கதவோரம் ஸ்டூலின் மேல் காபி ஆறிப்போய் இருந்தது. அப்பாவுக்கு அப்படி வைத்துப் பழகின கை, எனக்கும் வைத்திருக்கிறது.

ரோமர் பிரசங்கம்தான். ஆதியாகமமும் பிரசங்கம்தான். எபிரெயர் மட்டும்தான் இப்படி. அதில் ஒன்றின் நாடா அறுந்து, செலோடேப் போட்டு ஒட்டியிருக்கிறது. ஒட்டிய இடத்தில் விரல் பட்டுப் பட்டுப் பழுப்பேறிக் கிடக்கிறது. அறுந்துபோகிற அளவுக்கு அப்பா அதைக் கேட்டிருக்கிறார்.

இன்னொன்றும் கேட்டேன். ஒரு பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் ஓர் ஆண் குரல், "ம், ஆரம்பி" என்கிறது. முடிந்ததும், "இன்னொரு தடவை. எனக்காக" என்கிறது. அப்பாவின் குரல். இளவயசுக் குரலாக இருந்தாலும் அப்பா குரல் எனக்குத் தெரியாதா? ஆனால் அந்தத் தொனி எனக்குத் தெரியாது. எங்களிடம் அப்பா எதையும் கெஞ்சி வாங்கினதில்லை. சொல்லுவார், நாங்கள் செய்வோம்.

இசைக்கு நடுவில் அடிக்கடி 'டிங் டிங்' என்று ஒரு சின்னச் சத்தம் வேறு. குரல் இல்லாத ஒரு துண்டை செல்போனில் பிடித்து சீலாசுக்கு அனுப்பினேன். அவன் சபையில் கீபோர்டு வாசிக்கிறவன், அவனுக்குத் தெரியும்.

ஜனவரி 12, திங்கள்

சீலாஸ் பேசினான். "அக்கா, இது ஹவாய் கிட்டார். கரன்ட் போட்டு வாசிக்கிறது இல்ல, வெறும் மரக் கிட்டார். மடியில மல்லாக்கப் படுக்க வச்சு, இடது கையில ஒரு இரும்புக் கட்டையை வச்சுக் கம்பி மேல தேய்ச்சுக்கிட்டே போவாங்க. அதான் அப்படி இழையுது. யாருக்கா இது? அருமையா இருக்கே!"

"ஃபார்மசியில ஒருத்தர் கொடுத்தார்" என்றேன். "நடுவுல டிங் டிங்னு வருதே, அது என்னடா?"

"மறுபடி கேட்டுட்டுச் சொல்றேன்" என்று வைத்தவன் உடனே கூப்பிட்டான். "வளையல்க்கா. கண்ணாடி வளையல். கை கம்பி மேல போய்ப் போய் வருதுல்ல, அப்ப வளையல் கம்பியில படுது. வாசிக்கிறது பொம்பளைக்கா."

போனை வைத்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் வளையல் சத்தம் கேட்டதே கிடையாது. அம்மா கையில் வளையல் இல்லை, காதில் கம்மல் இல்லை, கழுத்தில் ஒரு நூல்கூட இல்லை. எனக்கும் அப்படித்தான். எங்கள் சபையில் நகை போடுவதில்லை. சின்ன வயசில் பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளை கையை ஆட்டினாலே என் காது அங்கேதான் போகும். அந்தச் சத்தத்தை இத்தனை நாள் கேட்டும் எப்படி எனக்குப் பிடிபடவில்லை? சே!

ஜனவரி 15, வியாழன்

பொங்கல் லீவு. மேல்வீட்டுப் பிள்ளைகள் காலிங் பெல்லை அழுத்தி அழுத்தி உடைத்துவிட்டன. புதுசு வாங்கி மாட்டினேன். அம்மா ஒரு தடவை கேட்டுவிட்டு, "பழசு ஒழுங்கா இருந்துச்சு. இது ஒண்ணோட ஒண்ணு சேராம அடிக்குது. மாத்திட்டு வா" என்றாள். காலிங் பெல்லுக்கு என்ன சேருவதும் சேராததும்? காது கேட்டால் போதாதா? மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

மத்தியானம் எபிரெயர் கடைசி பாகம் கேட்டேன். எழுதவே கை கூசுகிறது. பாட்டுக்கு நடுவில் ஒரு குழந்தை அழுகிறது. கைக்குழந்தை. வாசிப்பு நிற்கிறது. வளையல் சத்தம். "ச்சு ச்சு ச்சு" என்று ஒரு பெண் அதட்டாமல் அடக்குகிறாள். அப்பா சிரிக்கிறார். வாய்விட்டு, "பாட்டு பிடிக்கலையாம் கழுதைக்கு" என்று சொல்லிச் சிரிக்கிறார்.

எனக்கும் சீலாசுக்கும் தெரியாமல் எங்கேயோ இன்னொரு பிள்ளை இருக்கிறது. இந்நேரம் என் வயசு இருக்கும், அல்லது கூடக் குறைய. அப்பாவின் சிரிப்பு அந்தப் பிள்ளைக்குக் கிடைத்திருக்கிறது.

இது அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆவாள்? எழுபத்து மூன்று வயசு. பிரஷர் வேறு.

ஜனவரி 18, ஞாயிறு

மேஸ்திரியை ஒரு வாரம் தள்ளி வரச் சொன்னேன். ஆராதனையில் பாட்டு வாயில் வரவில்லை. பக்கத்தில் அம்மா வழக்கம்போல் பாடாமல் கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவின் சாட்சிக்கு என்ன எழுதியிருக்கிறாய் என்று பாஸ்டர் கேட்டார். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அப்பா பொய் சொல்லாதவர் என்று முதல் வரி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.

ஜனவரி 21, புதன்

யாராக இருக்கும்? மூன்று நாளாக இதே வேலை. மாத்திரைச் சீட்டைப் பார்த்து ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக் கொடுக்கப் பார்த்தேன். நல்லவேளை, சரிபார்க்கும்போது கண்ணில் பட்டது.

கிளாடிஸ் டீச்சராக இருக்கும் என்று தோன்றுகிறது. பழைய ரயில்வே காலனியில் எங்கள் குவார்ட்டர்சுக்கு எதிர் குவார்ட்டர்ஸ். லுத்தரன் சபை, ஆகையால் வளையல் உண்டு. இப்போதும் இரண்டு கையிலும் குலுங்கக் குலுங்கப் போட்டிருக்கிறாள். கல்யாணம் ஆகவில்லை. அப்பாவின் அடக்கத்துக்கு வந்து, அம்மாவைக் காட்டிலும் சத்தமாக அழுதவள் அவள்தான். அம்மாவுக்கும் அவளுக்கும் ரொம்ப காலமாகப் பேச்சு குறைவு. ஏன் குறைந்தது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

பழைய படம் ஏதாவது இருந்தால் கையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். எங்கள் வீட்டில் படமும் கிடையாது. அப்பா அம்மா கல்யாணப் படத்தைக்கூட, நகை போட்ட படம், பழைய வாழ்க்கை என்று அப்பா எடுத்துவிட்டாராம். சபைக்கு வந்த பிறகு எடுத்ததுதான் மாட்டியிருக்கிறது. அதில் நான் நிற்கிறேன், சீலாஸ் மடியில் இருக்கிறான்.

சனிக்கிழமை நேரில் போய்க் கேட்டுவிடுவது.

ஜனவரி 24, சனி

போனேன். கோபத்தில் போனதால் ஒரு பழம்கூட வாங்கிக்கொண்டு போகவில்லை. கிளாடிஸ் டீச்சர் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"வா ஹெப்சி. அதிசயமா இருக்கு! அம்மா நல்லா இருக்காளா?"

"இருக்காங்க. டீச்சர், நீங்க கிட்டார் வாசிப்பீங்களா?"

"எது?"

"மடியில வச்சு வாசிக்கிற கிட்டார்."

டீச்சர் கிளிப்பைக் கொடியில் மாட்டிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன் கேக்குற?"

"அப்பா ரூம்ல கேசட் இருந்துச்சு. அப்பா குரல் இருக்கு. வளையல் போட்ட ஒரு பொம்பள வாசிக்கிறாங்க. குழந்தை அழுற சத்தமும் இருக்கு." அவள் கை வளையலைப் பார்த்தேன். "நீங்க அப்பா சாவுக்கு வந்து அப்படி அழுதீங்களே டீச்சர்."

டீச்சர் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலாகி, நானே போய்த் தண்ணீர் கொண்டு வர வேண்டியதாகிவிட்டது.

"அடிப் பாவி மகளே! நான் எந்தச் சாவுக்குத்தான் அழல? எதிர்வீட்டு நாய் செத்ததுக்கே ரெண்டு நாள் அழுதேன். நீ என்ன நினைச்சுக்கிட்டு வந்திருக்க? உங்கப்பாவுக்கும் எனக்குமா? அந்தச் சிடுமூஞ்சிக்கா?"

"அப்ப அது யாரு?"

"உங்கம்மாடி."

எனக்குப் புரியவில்லை. எங்கம்மா வளையல் போட மாட்டாங்களே என்றேன். பைத்தியக்காரி மாதிரித்தான் சொன்னேன்.

"சபைக்குப் போறதுக்கு முன்னாடி போட்டிருந்தா. டஜன் டஜனா, பச்சையும் சிவப்பும். எமிலி மாதிரி வாசிக்க இந்தப் பொன்மலையில ஆள் கிடையாது. சின்னப் பிள்ளையில ஒரு ஆங்கிலோ இந்தியன் வீட்டுல கத்துக்கிட்டா. எனக்கும் ஆசை வந்து நானும் அவகிட்டப் போனேன். எனக்கு வரல. அதனால என் வேலை என்னன்னா, அவ மடியில கிட்டார் இருக்கும், அவ பிள்ளை என் மடியில இருக்கும். அந்தப் பிள்ளை கத்துற கத்துல கேசட்டே வீணாப் போகும்."

"எந்தப் பிள்ளை?"

"நீதான், வேற யாரு!"

டீச்சர் வீட்டில் காபி குடித்தேன். கிட்டார் போன பிறகு அம்மா அந்தப் பக்கம் வருவதையே குறைத்துக்கொண்டாளாம். எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை. அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். வெறுங்கை. சந்தோஷம்தான் முதலில் வந்தது, பொய் சொல்லக் கூடாது. அப்பா தப்பித்தார் என்று கர்த்தரை ஸ்தோத்திரித்தேன்.

ஜனவரி 25, ஞாயிறு

சந்தோஷம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. அம்மா வாசித்தது ஏன் எங்களுக்குத் தெரியாது? ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் ஐயாவைத் தனியாகப் பிடித்தேன்.

"ஐயா, நம்ம சபையில வாத்தியம் வாசிக்கக் கூடாதுன்னு எப்பவாவது இருந்துச்சா?"

"யாரும்மா சொன்னது? அந்தக் காலத்துல ஒரு டிரம்முக்கு ஆள் இல்லாம நாங்க தவிச்சோம். உங்கம்மா வந்தப்ப, கர்த்தர் ஒரு கிட்டாரைக் கொடுத்தார்னு எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம் பிரதர் வந்து சொன்னார். சிஸ்டருக்கு அதைத் தொட்டாலே உலகப் பாட்டு ஞாபகம் வருது, அதனால அவங்களே விட்டுட்டாங்க, அதைப் பத்தி அவங்ககிட்ட யாரும் பேச வேண்டாம்னு. எவ்வளவு பெரிய ஒப்புக்கொடுத்தல்! பேரு சொல்லாம எத்தனை பிரசங்கத்துல அதைச் சொல்லியிருக்கேன் தெரியுமா?"

தெரியும். வளையலோடு வாத்தியத்தையும் கழற்றி வைத்துவிட்டு வந்த ஒரு சகோதரி. சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறேன். அந்தச் சகோதரி என் பக்கத்தில்தான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

எனக்கு மஸ்கட் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தபோது, அம்மா தாங்க மாட்டாள் என்று அப்பா சொன்னார். அம்மாவிடம் அதைப் பற்றிப் பேச வேண்டாம், அவள் மனசு உடைந்துபோகும் என்றும் சொன்னார். நான் போகவில்லை. அது வேறு விஷயம். இதை எதற்கு இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 28, புதன்

ஃபார்மசி. மழைத் தூறல். அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜனவரி 31, சனி

சொல்லிவிட்டேன். சொன்னேன் என்பதைவிட, டேப் ரெக்கார்டரைச் சமையலறை மேஜையில் கொண்டு வந்து வைத்து, ஹெட்ஃபோன் இல்லாமல் போட்டேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

இரண்டு சுரம்தான் வந்திருக்கும். கீரைக் காம்பைக் கீழே வைத்தாள். பாட்டு முழுக்க அசையவில்லை. முடிந்ததும், "இது நாலாவது தடவை வாசிச்சது. முதல் மூணும் சரியா வரல" என்றாள். அப்புறம், "இது ஏது?"

"ஜெப ரூம்லம்மா. எபிரெயர் கேசட்."

"அதை அழிச்சிட்டேன்னு சொன்னாரே. அது மேலயே பிரசங்கம் பதிஞ்சிட்டேன்னு சொன்னாரே. நான்கூட, நல்லதுதான், அப்படியாவது அந்த கேசட் கர்த்தருக்கு உபயோகமாச்சேன்னு நினைச்சேன்."

"அழிக்கலைம்மா. கேட்டுக்கிட்டுதான் இருந்திருக்கார்."

"எப்ப?"

"சாயங்காலம் சாயங்காலம்."

அம்மா கையை முந்தானையில் துடைத்தாள். திரும்பத் திரும்பத் துடைத்தாள். இவள் அழப்போகிறாள், அப்பா எவ்வளவு ஆசையாக வைத்திருந்தார் பார் என்று சொல்லலாம் என்று நான் வாயெடுத்தேன். அவள் அழவில்லை. முகம் சிவந்துபோயிருந்தது.

"நான் காபி போட்டுக் கொண்டு போய் கதவுக்கு வெளிய வச்சிட்டு வருவேன். தட்டக்கூட மாட்டேன். ஜெபம் கெட்டுடக் கூடாதுன்னு. உள்ள உக்காந்து இதைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்காரு. என்னை. நான் வெளிய நிக்கிறேன், என்னை உள்ள வச்சுக் கேட்டுக்கிட்டு இருந்திருக்காரு!"

"அம்மா, பிரஷர்..."

"இருக்கட்டும். எனக்கு ஆத்திரமா வருதுடி. ஹெப்சி, வளையலை நானாத்தான் கழட்டினேன். யாரும் சொல்லல. ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் கழட்டி வச்சேன், எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அது என் விசுவாசம். ஆனா கிட்டாரை நான் விடல. சபையில ஒத்துக்க மாட்டாங்க, ஐயா வருத்தப்படுறார்னு இவர்தான் வந்து சொன்னார். மறுநாளே கொண்டு போய் யாருக்கோ கொடுத்துட்டார்."

பாஸ்டர் சொன்னதையும் சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? "பிரசங்கத்துல அதைச் சொன்னப்பல்லாம், சபை சொன்னதைக் கேட்டு விட்டதுக்குத்தான் ஐயா பாராட்டுறார்னு நினைச்சேன்" என்றாள் அம்மா.

"ஏம்மா அப்படிச் செஞ்சார்?" என்றேன்.

"ரயில்வே இன்ஸ்டிட்யூட்ல கிறிஸ்மஸ் புரோகிராம். கைத்தட்டல் நிக்கல, மறுபடி வாசிங்கன்னு கேட்டாங்க. வெளிய வரும்போது யாரோ ஒருத்தர் இவரைக் காட்டி, 'இவர்தான் எமிலியோட வீட்டுக்காரர்'னு சொன்னார். வீட்டுக்கு வர்ற வரைக்கும் இவர் பேசல. அதுக்கப்புறம் வீட்டுல மட்டும் வாசிக்கச் சொல்லுவார், அவருக்கு மட்டும். அப்புறம் சபைக்கு வந்தோம்."

அப்பா அவர் மட்டில் ஆசையாகத்தான் வைத்திருந்தார் என்று நான் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

"ஆசைப்பட்டா பூட்டி வைப்பாங்களா?" என்றாள். கீரையை அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் முட்டை பொரித்தேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து. அப்பத் தட்டு வந்தது. யார் மீதாவது மனஸ்தாபம் இருந்தால் எடுக்கக் கூடாது என்பது ஒழுங்கு. அம்மா தட்டை வாங்கி, எடுக்காமல், என்னிடம் கொடுத்தாள். எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. சபையே பார்த்தது. நானும் எடுக்கவில்லை.

பிப்ரவரி 4, புதன்

மேஸ்திரி ஜெப அறைச் சுவரை உடைத்தார். ஒரே தூசி. அம்மா வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துச் சத்தமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். சுத்தியல் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே. மேல்வீட்டுப் பிள்ளைகள் படியில் வந்து உட்கார்ந்துகொண்டன. கேசட் பெட்டி இப்போது அம்மாவின் பீரோவில் இருக்கிறது. சாவி அவள் இடுப்பில் இருக்கிறது.

சுவர் உடைத்தது பற்றி சீலாசுக்குச் சொன்னேன். மற்றதையும் சொன்னேன். முதலில் அந்த வாசிப்பு அம்மாவுடையதா என்று சந்தோஷப்பட்டான். மீதியைக் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நம்ம வீட்டோட இருக்கட்டும்க்கா" என்றான். எனக்கும் அதுதான் எண்ணம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

கூட்டத்தில் தானும் பேசப்போவதாக அம்மா சொல்லுகிறாள்.

"சபை முன்னாடி வேண்டாம்மா. அப்பா பேரு கெட்டுப்போகும். நமக்குள்ள பேசிக்கலாம்."

"அவர் சபையிலதானே போய்ச் சொன்னார்? வீட்டுக்குள்ள நான் பேசினா அது சபைக்குப் போய்ச் சேருமா?"

"செத்துப்போனவர் வந்து பதில் சொல்ல முடியுமா?"

"உயிரோட இருக்கும்போது நான் பதில் சொன்னேனா?"

என் சாட்சியை இரண்டு பக்கம் எழுதி முடித்துவிட்டேன். ஒழுக்கம், நேர்மை, ஜெப வாழ்க்கை, பிள்ளைகளைப் படிக்க வைத்தது. எல்லாம் நடந்ததுதான். படித்துப் பார்த்தால் ஃபார்மசிக்கு வரும் மருந்துச் சீட்டு மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 14, சனி

கூட்டம் நடந்தது. நடந்தபடியே எழுதுகிறேன்.

சபை மண்டபம் நிறைந்திருந்தது. கிளாடிஸ் டீச்சரை அம்மா போன் போட்டு வரவழைத்து முதல் வரிசையில் உட்கார வைத்தாள். சீலாஸ் குடும்பத்தோடு வந்திருந்தான். பாட்டு, ஜெபம், வேத வாசிப்பு முடிந்தது. பாஸ்டர் ஐயா அம்மாவுக்காக ஜெபிக்க அவளை முன்னால் அழைத்தார். அம்மா வீட்டிலிருந்து கொண்டு வந்த கூடையையும் எடுத்துக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி போனாள். ஜெபம் முடிந்ததும் திரும்பி வரவில்லை. "ஐயா, அந்த மைக்கைக் கொஞ்சம் கொடுங்க" என்றாள். கூடையிலிருந்து டேப் ரெக்கார்டரை எடுத்து மேஜைமேல் வைத்து, மைக்கைப் பக்கத்தில் சாய்த்து, பட்டனை அமுக்கினாள்.

கீர்த்தனை மெட்டு. எல்லோருக்கும் தெரிந்த மெட்டுதான். வழுக்கிக்கொண்டு வந்தது. பின்வரிசையில் யாரோ கூடவே பாட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். குழந்தைகளைத் தவிர ஒருவரும் அசையவில்லை. முடிந்ததும் மண்டபம் முழுக்க "ஆமென்", "ஸ்தோத்திரம்". பாஸ்டர் ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யார் சிஸ்டர் இது வாசிச்சது?" என்று கேட்டார்.

அம்மா மைக்கை நிமிர்த்தினாள். மைக் பிடித்துப் பழக்கமில்லை, உதட்டோடு ஒட்டிப் பிடித்தாள்.

"நான்தான். எமிலி. நானே விரும்பி விட்டுட்டேன்னு என் வீட்டுக்காரர் ஐயாகிட்ட சொன்னார். ஐயாவும் நம்பி, இந்த இடத்துல நின்னு பல தடவை சொன்னார். நான் விடல. சபை விடச் சொல்லுதுன்னு என்கிட்ட அவர் சொன்னார். அதனால நிறுத்தினேன். அவர் நல்ல மனுஷன், எங்களுக்கு ஒரு வேளை சோத்துக்குக் குறை வைக்கல. அதுவும் உண்மை. இதுவும் உண்மை. அவ்வளவுதான்."

மைக்கை ஐயாவிடம் கொடுத்தாள். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. நான் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தேன். அவள் உட்காருவதற்குள் சீலாஸ் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "அம்மா, இன்னைக்கு இது தேவையா?" என்றான்.

"எனக்குத் தேவைடா" என்றாள் அம்மா. சின்னக் குரலில் சொல்லவில்லை.

பாஸ்டர் ஐயா தாளைப் பார்த்தார், நெற்றியைத் துடைத்தார், என் பெயரைக் கூப்பிட்டார். நான் எழுந்து போனேன். இரண்டு பக்கமும் கையில்தான் இருந்தன. சீலாஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா என்னைப் பார்க்கவில்லை. வார் கழன்ற செருப்பைக் காலாலேயே சரிசெய்துகொண்டிருந்தாள்.

"எங்கம்மா சொன்னது உண்மை" என்றேன். வேறு எதுவும் சொல்லாமல் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.